பாரதியின் சிறுநீரகம்

கடைசிக் குளியலுக்காக அண்ணன் தலையில் எண்ணெய் வைத்துவிட்டுச் சீயக்காயைத் தொட்டபோதுதான் பாரதியின் கண் அவன் அடிவயிற்றுக்குப் போனது. வேட்டி விலகியிருந்தது. வலப்பக்கம் வளைந்து இறங்கிய தழும்புக்கு உள்ளே இருந்தது அவளுடைய சிறுநீரகம். சில வருசம் முன்னால் அவள் கொடுத்தது. தங்கச்சின்னா இப்படி இருக்கணும் என்று மூங்கில்துறைப்பட்டு ஊரே பேசிய பேச்சு கொஞ்சமா?

போன வருசம் அந்தச் சிறுநீரகத்துக்குள் ரத்தக்குழாய்கள் தடித்து அடைத்துக்கொண்டன. அண்ணன் அறிவுச்செல்வன் மறுபடியும் டயாலிசிஸுக்குப் போனான். நேற்று டயாலிசிஸ் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தான். "குடுத்தவங்க ஜீன், வாங்கினவங்க ஜீன், ரெண்டுமே இதுல வேலை செய்யுதும்மா. யாரு மேலயும் தப்பில்ல," என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். பாழாய்ப்போன மனசு முதல் இரண்டு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டது. அண்ணியிடம் அவள் மூச்சு விடவில்லை.

வாசலில் சித்தப்பா பச்சமுத்துவின் குரல் உயர்ந்தது.

"எரிக்கக் கூடாது. உசுரோட இருக்கறவ உடம்பு அவன் வயித்துல இருக்குது. நெருப்பு வெச்சா இவளத்தான் சுடும். பொதச்சிடுங்க."

அண்ணி அம்சவள்ளி அழுகையை நிறுத்தினாள். "ஆத்தங்கரையில அப்பாவ எரிச்ச எடத்துலயே தன்னையும் எரிக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு மாமா."

"இருக்கட்டும். பாரதிக்கும் புள்ளைங்க இருக்குது. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா இன்னா பண்ணுவ?"

எல்லோரும் பாரதியை இரக்கத்தோடு பார்த்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கெடுத்தவளுக்கே காவலா? அவனுடைய கடைசி ஆசையையும் இவள் உடம்புதான் கெடுக்க வேண்டுமா?

"எரிங்க சித்தப்பா," என்றாள். "குடுத்துட்டேன். அது அண்ணனோடது." பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினாள். "அதான் அண்ணி அவர கொன்னுச்சு. என் ஜீன்ல இருந்துச்சாம். டாக்டரு சொன்னாரு."

அம்சவள்ளி சீயக்காய்க் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"எங்களுக்கும் சொன்னாரு. ரெண்டு பேரோடதும்னுதான் சொன்னாரு. பாரதி காதுக்குப் போவக் கூடாது, மனசு ஒடிஞ்சிடுவான்னு உங்க அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

பாரதிக்கு அழுகை வரவில்லை. வேட்டியை இழுத்துத் தழும்பை மூடினாள்.

பாடை தெருவைத் தாண்டியதும் பெண்கள் பின்கட்டுத் தொட்டியில் குளிக்கப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஆற்றங்கரையிலிருந்து யாருக்கோ போன் வந்தது.

"நெருப்பு வெச்சிட்டாங்களாம்."

அம்சவள்ளி சொம்பை எடுத்தாள். நனைந்த புடவையோடு நின்ற பாரதியின் இடது விலாவில், சிறுநீரகம் எடுத்த தழும்பு இருந்த இடத்தில், சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.