நோராவின் வேலியில் ஒரு ஹாலிக் கம்பு

எட்வின் டெல்ஃபர் ஒரு கம்பின் மேல் கண் வைத்திருந்தான். வட இங்கிலாந்தின் செவியட் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்களுக்குக் கைத்தடி செய்வதென்றால் உயிர். கோடைச் சந்தையில் தன் தடிக்கு முதல் பரிசு வாங்கிவிட்டவன் வருஷம் முழுக்கத் தலை நிமிர்ந்து நடக்கலாம். எட்வின் இரண்டாம் பரிசாகவே வாங்கி அலுத்துப் போனவன். அவனுக்கு முதல் பரிசு வாங்கித் தரப்போகும் கம்பு, நோரா மில்பர்னின் ஹாலி மர வேலியில், முள் இலைகளுக்கு நடுவே, நூல் பிடித்தாற்போல் நேராக வளர்ந்துகொண்டிருந்தது.

நோராவிடம் கேட்டு வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். அந்தப் பக்கத்தில் தடி செய்கிறவன் எவனும் கேட்க மாட்டான். நல்ல கம்பு எங்கே நிற்கிறதென்று கட்டிய பெண்டாட்டியிடம்கூட மூச்சு விட மாட்டான். பார்த்தவன் ஒரு நாள் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான் சட்டம். எட்வினுக்கோ நாற்பது தாண்டியும் பெண்டாட்டி வாய்க்கவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து திரும்பும்போது வேலியோரம் நின்று, கம்பு பெருவிரல் பருமனுக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பான். அவன் பார்த்து முடிப்பதற்குள் நாய் மோஸ் அலுத்துப்போய், முன்னங்காலில் முகவாயை வைத்துப் படுத்துவிடும். இப்படியே சில வருஷம் போயிற்று.

ஒரு ஜனவரியில், இனிப் பொறுப்பதில்லை என்று ரம்பத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனான். பாதி வேலியைக் காணோம். அவன் கம்பு நின்ற இடத்தில் வெறும் கட்டைதான் இருந்தது. எட்வினுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெட்டியது நோராதான். மரம் கடைந்து பிழைக்கிறவள், தனியாக இருப்பவள். ஹாலியைக் குளிர்காலத்தில் வெட்டி உடனே காயப் போட்டால்தான் மரம் பால் வெள்ளையாக நிற்கும், இல்லாவிட்டால் சாம்பல் பூத்துவிடும். அவள் வேலி, அவள் வெட்டினாள். போய்ச் சண்டை போடலாமென்றால், உன் வேலியில் திருட இருந்தேன் என்று அவனே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதனால் அவள் பட்டறைக்கு வாடிக்கையாளனாகப் போனான். பட்டறை முழுக்க ஹாலி. சதுரங்கக் காய், பெட்டி மூடியில் பதிக்கும் வெள்ளைப் பட்டை, கருங்காலிபோல் கறுப்புச் சாயம் ஏற்றிய தேநீர்ப் பானைப் பிடி, குவியல் குவியலாகக் கரண்டி. தன் கம்பைத் துண்டு போட்டுக் கரண்டியாக்கிவிட்டாளோ என்று ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தான். மூலை முடுக்கெல்லாம் கண்ணால் துழாவிவிட்டு, வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு ஒரு கரண்டி வாங்கினான். மறுவாரம் முட்டைக் கிண்ணம். அதற்கடுத்து, லேஸ் பின்னுகிறவர்கள் நூல் சுற்றும் சிறு குச்சி.

மதுக்கடைக்காரன் கத்பர்ட்டுக்கு இது போதாதா?

"ஏன்டா எட்வின், இருக்கறது ஒரு வாய். இத்தனை கரண்டி எதுக்குடா? இனிமே லேஸ் வேற பின்னப் போறியாமே?"

எட்வின் காது சிவந்ததே தவிர, போவதை நிறுத்தவில்லை. அவள் தேநீர் கொடுத்தாள். அவன் ஆட்டுக் கதை சொன்னான், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வருஷம் திரும்பிய பிறகு ஒரு நாள், வீடு திரும்பும் பாதி வழியில்தான், கம்பைத் தேடவே மறந்துபோனது அவனுக்கு உறைத்தது. அது அவனை ஏனோ சந்தோஷப்படுத்தியது.

அந்த ஆகஸ்டில் சந்தை கூடியது. எட்வின் ஏதோ ஒரு கம்பில் செய்த தடியை வைத்துவிட்டு, புதிதாகச் செய்தவர்களின் மேஜைப் பக்கம் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான். அங்கே ஒரு தடியில், கீழே அடுத்தடுத்து இரண்டு கணு, நடுவில் ஒன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பட்டை உரித்து, வெள்ளை வெளேரென்று இழைத்திருந்தது. கைப்பிடியில், முன்னங்காலில் முகவாயை வைத்தபடி ஒரு நாய். மோஸேதான்.

நடுவர் நோராவிடம், வேலை சுத்தம், ஆனால் உங்கள் உயரத்துக்குத் தடி ரொம்ப நீளம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது என் கம்பு," என்று எட்வினின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என் வேலில வெளஞ்சது உங்க கம்பா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நோரா தடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். ஊன்றிப் பார்த்தான். அளவெடுத்ததுபோல் இருந்தது.

"மொத வருஷம் நீங்க வேலியோரம் வந்து நின்னப்போ, என்னைத்தான் பாக்க வர்றீங்கன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழமையானா தலைசீவி ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பேன்," என்றாள் தாழ்ந்த குரலில். "அப்பறந்தான் தெரிஞ்சுது, நீங்க பாக்குறது ஹாலியைன்னு."

"அந்தக் கோவத்துலயா வெட்டுனீங்க?"

"அது வேலில இருந்தா நீங்களும் வேலியோட போயிருப்பீங்க. வெட்டினா உள்ள வந்துதான ஆகணும்?"

எட்வினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னான்.

"வீட்ல கரண்டி நெறைய இருக்கு, நோரா. ரெண்டு பேருக்குத் தாராளமா போதும்."

"தெரியும். வித்ததே நான்தான."

அந்த வருஷமும் எட்வினுக்கு இரண்டாம் பரிசுதான். பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள், போய் வாங்கத்தான் ஆளைக் காணோம்.