வாசலில் இல்லாத வேப்பிலை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எச்சிலும் சளியும் ஊருக்கே பொது. பஸ்ஸில் பிடரியிலேயே தும்முகிறான், லிப்டுக்குள்ளேயே காறித் துப்புகிறான், கேட்டால் முறைக்கிறான். ஆயர் ஈத்தாம் வட்டாரத்து அடுக்குமாடி லிப்டில் மூக்கைப் பொத்திக்கொண்டே அய்யாக்கண்ணு மேலே போனார். மச்சினி வடிவம்மாளின் மகளுக்குப் பிறந்தநாள். அதனால்தான் வந்தார்.

அவருக்குக் கிட்னிக் கோளாறு. அதற்குச் சாப்பிடும் மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடும். "அம்மை கண்டவங்க பக்கமே போகாதீங்க. உங்களுக்கு அது சின்ன வயசுல வந்ததில்ல. இப்ப வந்தா நெஞ்சு வரைக்கும் இறங்கி ஆளையே கொண்டுபோயிடும். தெரியாம கிட்டப் போயிட்டீங்கன்னா, கொப்புளம் வரட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே ஓடி வாங்க, ஊசி இருக்கு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் பேச்சை அய்யாக்கண்ணு பாதிதான் நம்புவார். சாவை முழுசாக நம்பினார்.

பிள்ளை மெழுகுவத்தியை ஊதியது. எச்சில் தெறித்த கேக்கில் ஒரு துண்டை வடிவம்மாள் அவர் கையில் திணித்தாள். பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டது. அப்பிய பவுடருக்கு அடியில் கழுத்தெல்லாம் மஞ்சள். காதோரம் நீர் கோத்த கொப்புளம் ஒன்று உடைந்து பிசுபிசுத்தது.

பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்தார்.

"என்ன இது?"

"ஆத்தா வெளையாடிட்டுப் போயிட்டா மாமா. காலையிலதான் தண்ணி ஊத்துனோம்" என்றாள் வடிவம்மாள்.

"வாசல்ல வேப்பிலை எங்க?"

அவள் புருஷனைப் பார்த்தாள். சின்னையா தலையைச் சொறிந்தான்.

"நான்தான் அவுத்து வச்சேன் அண்ணே. அதைப் பாத்தா ஒருத்தனும் உள்ள வரமாட்டான்லா. கேக்கு, பிரியாணி எல்லாம் சொல்லியாச்சு."

"வராதேன்னு சொல்லத்தானேடா அதைக் கட்டுறது! தூ! ஆத்தாவுக்கும் மரியாதை இல்ல, மனுசனுக்கும் இல்ல."

"கோவிச்சுக்காதீங்க மாமா. மஞ்சத்தண்ணி தாரேன், குடிங்க. அந்த மாத்திரைய ஒரு வாரம் நிறுத்துங்க, சக்தி தானா வந்துரும்."

"நிறுத்துனா கிட்னி போயிரும். உன் கிட்னியக் கழட்டித் தருவியா?"

"ஊசி கீசி போட்டுறாதீங்க. ஆத்தா கோவிச்சுக்குவா."

"வேப்பிலையக் கழட்டுனப்ப கோவிக்காதவ, நான் ஊசி போட்டாத்தான் கோவிப்பாளா?"

சோபாவில் கேக்கை மென்றுகொண்டிருந்த ஒருவன், "கிழவனுக்கு உயிரு மேல ஆசையப் பாரேன்" என்று சிரித்தான். சிரிப்பில் கேக் துணுக்கு தெறித்தது. அய்யாக்கண்ணு கேக்கை அவன் எதிரிலேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"ஒண்ணும் ஆகாதுலா அண்ணே" என்று சின்னையா வாசல்வரை வந்தான்.

"உனக்கு ஆகாது."

லிப்டைத் திரும்பியும் பார்க்காமல், கைப்பிடியைத் தொடாமல் படியில் இறங்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். அந்த ஊசி மட்டும் என்னத்தைக் கிழித்துவிடப் போகிறது என்று முணுமுணுத்தபடியே வேகமாக ரோட்டைக் கடந்தார்.