பல் பட்ட இடம்

மகன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். அம்மா வெந்நீரில் பஞ்சை நனைத்துக் காயத்தைத் துடைத்தாள். மருமகளின் பற்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. தொட்டிலில் குழந்தை பசித்து அழுதது. பால் கொடுக்க வேண்டியவள் காவல் நிலையத்தில் இருந்தாள்.

"நாய்க்கடி ஊசி போடணுமோ என்னவோ!" என்று மகன் சிரித்தான். "நான் சத்தமே போடலம்மா. அவதான் பேய் மாதிரி கத்திக்கிட்டு அடிக்க வந்தா. போலீஸ்காரங்க யாரைக் கூட்டிட்டுப் போவாங்க?"

அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பிரார்த்தனை முடிந்து வீடு திரும்பியபோது மகன் கையில் ரத்தம் வழிய நின்றான். மருமகள் தலைவிரி கோலமாக அலறிக்கொண்டிருந்தாள். "அடங்காப்பிடாரி மேடம் இவ" என்று பெண் ஆய்வாளரிடம் சொன்னதே அம்மாதான்.

மருந்து தடவித் துணி சுற்றும்போது, "கொஞ்சம் மடக்குடா" என்றாள். அவன் மடக்கினான். காயம் முழங்கை மடிப்புக்குள் மறைந்துபோயிற்று.

அம்மாவின் கை அப்படியே நின்றது. அடிக்க வந்தவளின் வாய் இங்கே எப்படி வரும்?

"அவ உனக்கு முன்னாடி நின்னாளா, பின்னாடி நின்னாளா?"

"என்னம்மா கேள்வி இது? சும்மா புடிச்சேன், கடிச்சிட்டா."

"எதைடா புடிச்ச?"

மகன் துணியைப் பிடுங்கித் தானே சுற்றிக்கொண்டான்.

அம்மாவுக்குப் பதில் தேவைப்படவில்லை. காலமான கணவரின் கை அப்படித்தான் பின்னாலிருந்து வந்து அவள் கழுத்தில் மடங்கும். அவள் ஒருநாளும் கடித்ததில்லை. மூச்சு திரும்பியதும் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். நான் பொறுத்தேன், இவள் பொறுக்கவில்லை. அதற்காகவா இவளைப் பிடித்துக் கொடுத்தேன், ஆண்டவனே!

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

"பெத்த புள்ளையையே காட்டிக் குடுக்கப் போறியா?"

"பெத்ததாலதான்டா போறேன்."

காவல் நிலைய பெஞ்சில் சுருண்டிருந்த மருமகள், மாமியாரைக் கண்டதும் இன்னும் ஒடுங்கினாள். மாமியார் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு ஆய்வாளரிடம் திரும்பினாள்.

"காலையில நான் சொன்னது தப்பு மேடம். இவ கழுத்தைப் பாருங்க. அவனைக் கைய மடக்கச் சொல்லி, காயம் எங்க இருக்குன்னும் பாருங்க."

"அவர் நிதானமா பேசினாரேம்மா. இவங்கதான் ஒரே கூச்சல்."

"மூச்சு முட்டி தப்பிச்சவ கத்தாம, பாட்டா பாடுவா?"

ஆய்வாளர் எழுந்து வந்தார். மருமகளின் கழுத்தை மறைத்த துணியை மெல்ல விலக்கினார். தாடைக்குக் கீழே கன்றிச் சிவந்திருந்தது. தானே தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார்.

"முழுங்க முடியுதாம்மா?"

இல்லையென்று தலையசைத்த மருமகள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"முதல்ல டாக்டர்கிட்ட போவோம். அப்புறம் நீங்க சொல்லுங்க, நான் புதுசா எழுதுறேன். உங்கள அப்பவே தனியா உக்கார வச்சுக் கேட்டிருக்கணும்" என்றார் ஆய்வாளர். குரல் தாழ்ந்திருந்தது.

மாமியார் மருமகளின் கலைந்த தலையைக் கோதிவிட்டாள்.

"கடிச்ச வாயை எல்லாரும் பார்த்தோம் மேடம், நெரிச்ச கையைத்தான் யாரும் பார்க்கல. கத்துறவதான் குத்தவாளின்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி, 'உனக்கு என்னம்மா ஆச்சு'ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். கேக்கறதுக்குக் காசா, பணமா?"