பூந்தொட்டிக்குள் போன மாத்திரை

அவர் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர். அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும் உயரத்தில், காற்றில் ஆடும் கூண்டுக்குள் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நாய் என்றால் குலை நடுங்கும். இதை அவர் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை, மருமகளிடம் சுத்தமாக இல்லை. அவள் தன் நாய் குண்டுவைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறாள். கணவன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரிப்பதே அந்த நாயோடுதான்.

அலுவலக வேலையாக வெளியூர் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "மாமா, தினம் காலையில ஒரு மாத்திரை. சோத்துல வச்சா துப்பிடுவான். வாயைத் திறந்து தொண்டைகிட்ட வச்சிடுங்க. அரிப்புக்குத்தான், ஆனா மாசக்கணக்கா சாப்பிடுறான், மறந்துடாதீங்க."

"அதுக்கென்னம்மா, நீ நிம்மதியா போயிட்டு வா" என்று பெரிய சூரப்புலி மாதிரி தலையாட்டினார்.

மறுநாள் குண்டு கொட்டாவி விட்டது. கோரைப்பல்லைப் பார்த்ததும் சூரப்புலியின் கை தானாகப் பின்னால் போனது. மாத்திரை ஜன்னலோரப் பூந்தொட்டியின் மண்ணுக்குள் போனது. அடுத்த நாளும் அப்படியே, அப்புறம் தினமும் அதே கதைதான். அரிப்புதான் நின்றுவிட்டதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். "குடுத்தாச்சா மாமா?" என்று போனில் கேட்டால், "ஆச்சும்மா" என்றார்.

குண்டு சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப் படுக்க ஆரம்பித்தது. அவள் இல்லாத ஏக்கம் என்று நினைத்தார். பிறகு ஒரு காலை, மாடிவீட்டில் யாரோ சுவரைத் துளைக்கும் சத்தம் கிளம்பியது. பதறி எழுந்த நாய் தள்ளாடிக் கதவுவரை போய்ச் சரிந்து விழுந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பியது. கிட்டே போகவே பயந்தவர் குனிந்து காதைத் தொட்டார். சில்லென்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் யோசிக்கவில்லை, அள்ளி எடுத்துக்கொண்டு ஓடினார்.

சத்தம் கேட்டுப் பதறி விழுந்ததை அவர் சொல்லச் சொல்ல, கால்நடை டாக்டரம்மா குண்டுவை மேஜைமேல் கிடத்திப் பரபரவென்று பார்த்தார். மருமகள் போனில் இருந்தாள், ஸ்பீக்கரில்.

"ரத்தத்துல சர்க்கரை அடிமட்டத்துல இருக்கு. பிரஷரும் இறங்கிட்டே போகுது. அரிப்பு மாத்திரையை நிறுத்தினீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் பேசியது. "இல்ல டாக்டர். மாமா ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான்."

"அப்போ குடல்ல ஏதாவது அடைச்சிருக்கலாம். ஸ்கேன் படத்துல தெளிவா தெரியல. மயக்கம் குடுத்து வயித்தைத் திறந்து பார்த்துடுறேன்."

உதவியாள் வயிற்று மயிரை மழிக்க மிஷினை எடுத்தான். கிரேன்காரர் மிஷினையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்னால் மருமகள் தன்னை இனி எந்த ஜென்மத்திலும் நம்பமாட்டாள். சொல்லாவிட்டால்? மிஷின் ரீங்காரம் போட ஆரம்பித்தது.

"நிறுத்துங்க" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நான் குடுக்கல. ஒரு நாளும் குடுக்கல. அதோட வாய்க்குள்ள கைவிட எனக்குப் பயம்."

டாக்டரம்மா சட்டென்று ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே படபடவென்று பேசினார்.

"சிறுநீரகத்துக்குப் பக்கத்துல ரெண்டு சுரப்பி இருக்கு, வேர்க்கடலை அளவுதான். அட்ரீனல். அதோட நடுப்பகுதி பயந்தா ஓடுன்னு உசுப்பிவிடும். வெளிப்பகுதி அந்தப் பயத்தைத் தாங்கி நிக்கத் தெம்பு குடுக்கும். நாம குடுக்குற அரிப்பு மாத்திரையும் அதே சரக்குதான், ஸ்டீராய்டு. வெளியிலேருந்து வருதேன்னு வெளிப்பகுதி தூங்கிடுச்சு. நீங்க மாத்திரையைத் திடீர்னு நிறுத்திட்டீங்க, அது முழிக்கவே இல்ல. சத்தத்துக்குப் பயந்தான், தாங்கத் தெம்பு இல்ல. இந்த நிலைமையில மயக்கம் குடுத்திருந்தா எழுந்திருக்கவே மாட்டான்."

ஊசி ஏறியது. குளுக்கோஸ் சொட்டியது. மருமகள் போனை வைத்துவிட்டாள். அவர் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் குண்டு தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் காலை, வீட்டில், வீடியோ அழைப்பு வந்தது. அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"மாத்திரை?"

"குடுக்கப்போறேம்மா."

"காட்டுங்க மாமா."

நேற்றுவரை அவருடைய வார்த்தையே போதும் என்றிருந்தவள். அது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. போனைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்தார். கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தார். குண்டுவின் தாடையைத் திறந்து மாத்திரையைத் தொண்டைவரை கொண்டுபோய் வைத்தார். பல் மணிக்கட்டில் உரசியது. குண்டு விழுங்கியது.

"போதும் மாமா" என்றாள், குரல் உடைந்து. "பார்த்துட்டேன். கையை எடுங்க."

குண்டுவின் நாக்கு கதகதப்பாக இருந்தது.

"கொஞ்சம் இருக்கட்டும்மா" என்றார்.