மூடியின் திருகு

அறிவு செத்து நாற்பத்தெட்டு நாளாகிவிட்டது. அவன் அண்ணன் செம்பியன் இன்னும் அழவில்லை. சோறு போட்டால் தின்றான், போடாவிட்டால் கேட்கவில்லை. வலையைச் சரிபார் என்றால் பார்த்தான். கல்நெஞ்சுக்காரன் என்று சீனிவாசபுரம் மீனவக் குப்பத்தில் ஒரு பேச்சு ஓடியது. பேசுவதற்கு மட்டும் அங்கே ஆள் பஞ்சமே கிடையாது.

அறிவைப் பற்றிய பேச்சு அதைவிட மோசம். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்தில், படகின் இன்ஜின் நின்றுபோனது. படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. தனியாகப் போயிருந்த அறிவு திரும்பி வரவில்லை. கரையேற்றிய இன்ஜினை மெக்கானிக் கதிரேசன் பிரித்துக் கழுவி, டிரம் தண்ணீரில் நிறுத்தி, தன்னுடைய கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்து ஓட்டிப் பார்த்தான். இன்ஜினில் குறையே இல்லை என்றான். அப்படியானால் ஓட்டினவன் குடித்திருப்பான் என்று மறுநாளே ஊர் கண், காது, மூக்கு வைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அறிவின் மகளிடமே ஒருத்தி அதைக் கேட்டுவிட்டாளாம்.

"அந்த இன்ஜின் இன்னாத்துக்கு நின்னுச்சின்னு எனக்குத் தெரியணும் மாமா," என்று செம்பியனிடம் சொன்னாள் அறிவின் மனைவி பொன்மணி. "அது ஒண்ணு போதும் எனக்கு."

அதற்காகத்தான் அன்று காலை செம்பியன் கட்டிலுக்கு அடியிலிருந்து படகின் பெட்ரோல் டேங்க்கை வெளியே இழுத்தான். கரையொதுங்கியதை யாரோ கொண்டுவந்து போட்டது முதல் அது அங்கேயே கிடந்தது. பங்க்குக்குப் போய் நிரப்பினான். மொபெட்டில் வைத்துக் கொண்டுவரும்போது பெட்ரோல் தளும்பும். அதனால் மூடியின் தலையில் இருக்கும் குட்டித் திருகை இறுக்குவது அவன் வழக்கம். கட்டைவிரல் தானாகவே அதற்குப் போனது. திருகு ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. அதைப் பற்றி அவன் ஒன்றும் நினைக்கவில்லை. இந்த நாற்பத்தெட்டு நாளாக அவன் எதைப் பற்றியுமே நினைக்கவில்லை.

கரையேற்றியிருந்த அதே படகில் அதே இன்ஜினை மாட்டி ஓட்டிப் பார்க்கக் கதிரேசனும் கூட வந்தான். பொன்மணி மணலில் நின்றுகொண்டாள். கடல் அன்று சாதுவாகக் கிடந்தது. இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. "பாத்தியா மச்சி, தேன் மாதிரி ஓடுது," என்றான் கதிரேசன். முகத்துவாரத்தை நெருங்கும்போது சத்தம் தேய்ந்தது, இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது.

செம்பியன் நங்கூரத்தைப் போட்டான். அவனுக்குப் பயமும் வரவில்லை, படபடப்பும் வரவில்லை. யார் வீட்டு இன்ஜினையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

கதிரேசன் இன்ஜினைத் தூக்கி விசிறியைப் பார்த்தான். வலை, துணி எதுவும் சுற்றியிருக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து, கயிற்றை இழுத்துப் பார்த்தான். தீப்பொறி நன்றாக வந்தது; திரும்ப மாட்டினான். பிறகு பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டையைத் தொட்டான். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி மாதிரி சப்பிக் கிடந்தது.

"பெட்ரோல் வரல மச்சி. டேங்க் ரொம்பி கீது, ஆனா வரல."

செம்பியன் டேங்க்கைப் பார்த்தான். அதன் இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கியிருந்தன. கையை நீட்டி மூடியின் திருகை இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டேங்க் டொக்கென்று பழையபடி புடைத்துக்கொண்டது.

கதிரேசன் வாய்விட்டுச் சிரித்தான். "ஏர் திருகைத் தொறக்காமலா வந்த? நல்ல ஆளுய்யா நீ! காத்து உள்ள போனாத்தானே பெட்ரோல் வெளிய வரும்." சிரிப்பு பாதியிலேயே நின்றது. "காலைல நீ மூடினியா?"

"மூடப் போனேன். முன்னாடியே மூடிதான் இருந்துச்சி."

"அன்னிக்கி டேங்க் யாரு எடுத்தாந்தது?"

"நான்தான்."

இருபது வருடமாக அவர்கள் வழக்கம் அதுதான். செம்பியன் டேங்க்கைக் கொண்டுவருவான், செம்பியனே இன்ஜினிடம் உட்கார்ந்து திருகைத் திறப்பான். அறிவு முன்னால் வலையோடு இருப்பான். அன்று செம்பியனுக்குக் காய்ச்சல். டேங்க்கை மட்டும் கொண்டுவந்து படகில் வைத்து, குழாயை மாட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். அறிவுக்குத் திருகைப் பற்றித் தெரியாமல் இல்லை. எல்லாம் மாட்டி ரெடியாக இருந்ததால், அண்ணன் அதையும் பார்த்திருப்பான் என்று நம்பிவிட்டான். அண்ணன் மேல் அவனுக்கு எப்போதும் நம்பிக்கை அதிகம்.

கதிரேசன் கரைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கார்ப்ரேட்டர்ல குப்பை இருந்துச்சி, நான்தான் மொதல்ல பாக்காம உட்டுட்டேன்னு சொல்லிடறேன். அறிவு பேரும் தப்பிக்கும், நீயும் தப்பிச்சிக்குவ. யாருக்குத் தெரியப் போவுது?"

செம்பியன் நங்கூரத்தை ஏற்றினான், ரப்பர் உருண்டையைப் பிசைந்துவிட்டுக் கயிற்றை இழுத்தான். இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

கரையில் பொன்மணி முழங்கால் தண்ணீர் வரைக்கும் வந்து நின்றாள். "இன்னா ஆச்சி மாமா?"

சொன்னான். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கதிரேசன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப அவரு குடிக்கல."

"குடிக்கல."

அவள் குனிந்து அந்தத் திருகைத் தொட்டாள். "எப்புடித் தொறக்கறது?"

காட்டினான். இரண்டு சுற்று.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அடிப்பாள் என்று அவன் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் அடிக்கவில்லை. "ஊருக்கு நீயே சொல்லு மாமா," என்றாள். "இன்னிக்கே சொல்லு. எம் பொண்ணு காதுல உழற மாதிரி சொல்லு."

செம்பியன் டேங்க்கைத் தூக்கித் தோளில் வைத்தான். கட்டைவிரல் வழக்கம்போல் திருகுக்குப் போனது. இழுத்துக்கொண்டான். மணலில் ஏற ஏற, திறந்திருந்த திருகு வழியாகப் பெட்ரோல் தளும்பிக் கழுத்தில் வழிந்தது. வலை உரசி ஏற்கெனவே புண்ணாகியிருந்த இடம். எரிந்தது. நாற்பத்தெட்டு நாளில் அவன் உடம்புக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான்.

மீன் ஏலம் போடும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் டேங்க்கை இறக்கி வைத்தான். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எந் தம்பி குடிக்கல," என்று ஆரம்பித்தான்.