மேற்குச் சுவர்

பீரோவை நகர்த்தியதும் பின்னால் இருந்த மேற்குச் சுவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் தன் லட்சணத்தைக் காட்டியது. வடகரைச் சாரலில் வருஷா வருஷம் ஈரம் குடித்த பழைய சுவர்; சுண்ணாம்பு அப்பளமாகப் பொரிந்து நின்றது. கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு, தரையில் பழைய சேலைகளை விரித்து, ஃபாயிஸா விளக்குமாறோடு நின்றாள். அவள் புருஷன் ஆசிக் அடுத்த வாரம் குவைத்திலிருந்து வருகிறான். இனி திரும்பிப் போவதாக இல்லை. அதற்குள் இந்த அறை இளம்பச்சைக்கு மாறியாக வேண்டும். மேலகரத்து பெயிண்டர் இசக்கிமணி வெளிப்பக்கத்து வெடிப்பு, ஓட்டை எல்லாவற்றையும் நேற்றே சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். "தண்ணி வாற வழிய மொதல்ல அடைக்கணும் தங்கச்சி, பெறவுதான் உள்பக்கம்" என்பது அவர் கணக்கு. இன்று உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சுவரைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியும், வெளியே சொல்லத்தான் முடியாது. கட்டிலின் தலைமாடு அந்தப் பக்கம். இரண்டு வருஷமாகத் தலையணையில் தலை வைத்தால் போதும், மெல்லியதாக ஓர் இரைச்சல். தென்காசியில் காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஆசிக்கிடம் போனில் சொன்னதற்கு, "ஒத்தயில கெடக்கல்லா, அதான் அப்படித் தோணுது. நா வந்தா சரியாயிரும்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத் தன் புத்திமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவன் வந்த பிறகும் கேட்டால் என்ன செய்வது? இத்தனை வருஷம் கழித்து வருகிறவன், பைத்தியத்தோடா குடித்தனம் நடத்துவான்?

சுரண்டும் சத்தம் நின்றது. இசக்கிமணி சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் எதும் மோட்டார் ஓடுதா தங்கச்சி?"

அவள் கையிலிருந்து விளக்குமாறு நழுவியது. "ஒங்களுக்கும் கேக்குதா அண்ணாச்சி?"

"கேக்காம என்ன. நல்லா இரையுதே."

ஃபாயிஸாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியே சேலை விரித்த தரையில் உட்கார்ந்துவிட்டாள். இசக்கிமணி சுரண்டும் தகட்டின் பிடியால் மெல்லத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பொந்து; அதற்குள் அரக்கு நிறத்தில் ஓர் ஊரே இருந்தது. மிளகளவு உருண்டைகள் அடுக்கடுக்காக, ஓரத்தில் தேன் நிரம்பிய சின்னஞ்சிறு குடங்கள், அவற்றின்மேல் கொசுவைவிடக் கொஞ்சமே பெரிய கறுப்புத் தேனீக்கள், எண்ணி முடியாது. தன் தலைக்கு ஒரு சாண் தள்ளி, தான் புரண்டு படுத்த ராத்திரியெல்லாம், இவை இத்தனையையும் கட்டியிருக்கின்றன. அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. "சுப்ஹானல்லாஹ்" என்றது வாய், தானாக.

"கொசுந்தேனீல்லா இது, கொட்டாது" என்றார் இசக்கிமணி. சட்டென்று முகம் மாறியது. "அடப்பாவமே, இதுக வாசலத்தான நேத்து நா அடச்சிருக்கேன்."

திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அவளும் பின்னாலேயே போனாள். இன்னும் ஈரம் காயாத சிமெண்டைச் சுற்றி, நேற்று மேயப் போனவை காலில் மஞ்சள் பொடியோடு தவித்துப் பறந்துகொண்டிருந்தன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்திப் பெயர்த்தார். துவாரம் தெரிந்ததும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. உள்ளிருந்தும் வந்தன. இசக்கிமணி திருப்புளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உள்பக்கம் ஒரு பலகைய வச்சு மூடிரவா? இல்ல, ஆள் விட்டு எடுத்திரணுமா? ஒங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

அவள் அறைக்குள் வந்து ஆசிக்கைக் கூப்பிட்டாள்.

"என்னட்டி, பச்ச வேண்டாமா இப்பம்?"

"மச்சான், ஒண்ணும் பேசாதீங்க. இதக் கேளுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பொந்தருகில் பிடித்தாள். அந்தப் பக்கம், குவைத்தில், ரிமோட் 'பீப்' என்றது. அவன் அறையில் ஓடிக்கொண்டிருந்த ஏசி மெல்ல அடங்கி நின்றது.