மஸ்கட் மாமன் மடி

“வேட்டியக் கட்டிக்கிட்டு வந்து ஒக்காந்தா, ஒனக்கும் ஏரிக்கரையில மாடு மேய்க்கிறவனுக்கும் என்னடா வித்தியாசம்?” என்று இருசம்மாள் போட்ட சத்தம் தெருக்குழாய் வரைக்கும் கேட்டது.

“பேண்ட்டப் போட்டுக்கிட்டு சம்மணம் போட முடியாதுக்கா. புள்ளைய எங்க ஒக்கார வைக்கிறது, தலையிலயா?” என்று உத்திராபதியும் விடாமல் கத்தினான்.

குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வைத்தவள் அதைக் கவனிக்கவில்லை. அக்கா தம்பி சண்டையை விலக்கப் போவது மரியாதையில்லை என்று பூலாம்பாடியில் ஒரு நினைப்பு உண்டு. காதைக் கொடுப்பதில் மட்டும் யாருக்கும் தடை கிடையாது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயிலில் இருசம்மாள் மகள் பாப்பாயிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், மஸ்கட்டுக்குப் போய் நாலு வருஷம் கழித்து லீவில் வந்திருக்கும் உத்திராபதி. பிள்ளைக்கு இரண்டு வயதிலேயே வேலையை முடித்திருக்கலாம். மாமன் முறையில் சொந்தத்தில் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தால் போதும். இருசம்மாள் சம்மதிக்கவில்லை. மஸ்கட்டில் மாமன் இருக்கும்போது மண்வெட்டி பிடிக்கிறவன் மடி எதற்கு என்று கேட்டாள். லீவு இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போக, பாப்பாயி ஆறு வயதில் மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தாள்.

ஆனால் பேண்ட் சண்டை காது குத்துக்காக அல்ல. உடையார்பாளையத்திலிருந்து இளையபெருமாள் வருகிறார். முந்திரித் தோப்புக்காரர். மகள் ஜானகியை மஸ்கட் மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு நடந்து பாதி முடிந்திருந்தது. ஆளை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டியது பாக்கி. விருந்துக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு பார்க்க வருகிறார்.

இதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. உத்திராபதி திரும்பிப் போவதாக இல்லை.

அரியலூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோதே அதைச் சொல்லிவிட நினைத்தான். வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. அக்கா புருஷன் தங்கசாமி பெட்டியை வாங்கிக்கொண்டு, “எனக்கு விசா என்னாச்சு மாப்ள?” என்றுதான் முதலில் கேட்டார், நல்லா இருக்கியா என்பதற்கு முன்னால். அப்போது அடைத்த வாய் அப்படியே இருந்தது. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுவான். யாராவது ஒருவர் வந்து மஸ்கட்டைப் பற்றி அவனுக்கு விவரம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

மஸ்கட்டைப் பற்றி அவனைவிடத் தெருவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கே வெயில் தெரியாது, ரோட்டுக்கே ஏ.சி. என்றார் ஒருவர். பழைய டி.வி.யைக் குப்பையில் போடுவார்களாமே, நீ ஏன் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வரவில்லை என்று பலசரக்குக் கடைக்காரர் வருத்தப்பட்டார். உத்திராபதி எதையும் மறுக்கவில்லை. போன புதிதில், முனிசிபாலிட்டி வேலை என்று அவனே எழுதிப் போட்டிருந்தான். அது பொய்யில்லை. முழுவதையும் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாத பாக்கியைத் தெரு தானாகவே பூர்த்தி செய்துகொண்டது. முதலில் கிளார்க் ஆக்கியது, அடுத்த பொங்கலுக்குள் ஆபீசர் ஆக்கிவிட்டது. வெளியூர் போனவன் எழுதாமல் விட்டதைத்தான் வீடு படிக்கும் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

தங்கசாமி கதை தனி. விசா இன்றைக்கோ நாளைக்கோ என்று மாட்டை விற்றார். மானாவாரிக் காட்டைப் பெரியசாமியிடம் குத்தகைக்கு விட்டார். பெரம்பலூரில் துணி எடுத்து இரண்டு பேண்ட் தைத்து வைத்தார். சாயங்காலமானால் ஷூவை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்வருவார். அங்கே போய்த் தடுமாறக் கூடாதாம். கொல்லைக்குப் போகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்ப்பார்கள்.

உத்திராபதியிடம் நல்ல பேண்ட் இல்லை. இருந்தவை காக்கி. கடைசியில் தங்கசாமியின் பேண்ட் ஒன்றைத்தான் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். இடுப்பு பிடித்தது. போகட்டும், இன்னும் ஒரு நாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்து நினைத்தே அவனுக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. அங்கே வெயிலில் நின்றபோதுகூட இவ்வளவு அசதி இல்லை.

சிறுவாச்சூரில் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். இளையபெருமாள் அரியலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, வெற்றிலைப் பையோடு ஜமக்காளத்தின் நடுவில் உட்கார்ந்தார். உத்திராபதியைப் பார்த்ததும் அவர் கண் முதலில் கடிகாரத்துக்குப் போனது, பிறகு பேண்ட்டுக்கு, கடைசியாக முகத்துக்கு. முகத்தில் அதிக நேரம் நிற்கவில்லை.

ஆசாரி தங்கக் கம்பியை எடுத்து வைத்தார். உத்திராபதி மனைப் பலகையில் காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தான். மடி தயார். பிள்ளையைக் காணோம்.

பாப்பாயி புளியமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுத்தால் மரத்தோடு வருவேன் என்கிற பிடி. காரணம் தெருவுக்கே தெரியும். சோறு தின்ன மாட்டேன் என்றால், “மாமா வரட்டும், காதக் குத்தச் சொல்றேன்.” பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால், “மஸ்கட்ல இருந்து மாமா வராரு, ஊசியோட வராரு.” பிள்ளைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருசம்மாள் வீட்டில் பூச்சாண்டிக்கு வேலையே இருந்ததில்லை. மாமன்தான் பூச்சாண்டி.

அப்பன் இழுத்தார், அம்மா அடிப்பதுபோல் ஓங்கினாள். மரத்தைப் பிடித்த பிடி இறுகியது. பெரம்பலூரில் இன்னொரு காது காத்திருப்பதாக ஆசாரி இரண்டு தரம் சொன்னார்.

உத்திராபதி எழுந்து போய் மரத்தடியில் குந்தினான்.

“என்னம்மா பயம்?”

பாப்பாயி மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். “மஸ்கட்ல எத்தன பேருக்குக் காது குத்துனீங்க?”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து குந்தினான். “நான் காது குத்தற ஆளு இல்லம்மா. அங்க மரத்துக்குத் தண்ணி ஊத்தறேன்.”

“என்ன மரம்?”

“பேரு தெரியாது. ரோட்டு நடுவுல வச்சிருக்காங்க. லாரில தண்ணி வரும், பைப்பப் புடிச்சு ஒண்ணொண்ணுக்கா ஊத்திக்கிட்டே போவணும்.”

“என்ன காய்க்கும்?”

“ஒண்ணும் காய்க்காது.”

“அப்புறம் எதுக்கு ஊத்தறீங்க?”

“கார்ல போறவங்க பச்சையாப் பாக்கறதுக்கு.”

பாப்பாயி யோசித்தாள். காய்க்காத மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்று பட்டிருக்க வேண்டும். மரத்தை விட்டாள். அவன் தூக்கிக்கொண்டு வந்து மனையில் உட்கார்ந்தபோது பேண்ட்டின் தையல் எங்கேயோ விட்டுப் போகும் சத்தம் கேட்டது.

பேச்சு முழுவதும் ஜமக்காளத்துக்குக் கேட்டிருந்தது. இருசம்மாள் முகம் வெளுத்துப் போய் நின்றாள். ஆனால் இளையபெருமாள் அசரவில்லை. முனிசிபாலிட்டி மரம் என்றால் கவர்மெண்டு மரம்தானே என்று பக்கத்திலிருந்தவரிடம் விளக்கினார். மரம் வளர்க்கிற டிபார்ட்மெண்ட்டில் மாப்பிள்ளை பெரிய இடத்தில் இருக்கிறார், பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்கிறார் என்று முடிவு கட்டி, “தம்பிக்குக் கீழ எத்தன பேரு?” என்று கேட்டார்.

“நூறு பேரு இருக்கும்” என்றார் தங்கசாமி, கூசாமல்.

உத்திராபதி ஆசாரியின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எனக்குக் கீழ ஒரு ரப்பர் பைப்பு இருந்துச்சுங்க. அதுவும் பாதி நாள் ஓட்ட.”

யாரோ சிரித்தார்கள். வேடிக்கையாகப் பேசுகிறார் என்று இளையபெருமாளும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், உண்மையைச் சொன்னாலும் இவர்களுக்கு ஏறாது என்று அவனுக்குப் புரிந்தது. இன்றைக்கு விட்டால் ஜானகி கழுத்தில் தாலி ஏறும், அவன் பிளேன் ஏற வேண்டும், பிறகு ஆயுசுக்கும் அந்த ரோடுதான். ஆசாரி வலது காதில் கம்பியை ஏற்றினார். பாப்பாயி வீறிட்டாள். அந்த அலறல் அடங்கி எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில் அவன் சொன்னான்.

“நான் திரும்பிப் போவலைங்க. இங்கயேதான் இருக்கப்போறேன்.”

அது மட்டும் எல்லாருக்கும் சரியாகக் கேட்டது.

இளையபெருமாள் உடனே எழுந்துவிடவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார், போடாமல் பையிலேயே திரும்ப வைத்தார். அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தங்கசாமி குறுக்கே விழுந்து கெஞ்சினார். இலை போட்டாகிவிட்டது என்று இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். இலை போட்ட இடத்தில் கை நனைக்காமல் எழுந்து போனால் அந்தப் பேச்சு அதோடு முறிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இடது காது பாக்கி இருந்ததால் உத்திராபதியால் எழுந்திருக்க முடியவில்லை. இருசம்மாள் வந்து அவன் எதிரில் நின்றாள். காலையில் குழாயடிக்குக் கேட்ட குரல் இப்போது பக்கத்தில் இருந்தவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

“எங்க வூட்டுக்காரரு மாட்ட வித்துட்டு ஒக்காந்திருக்காருடா. ஒன்ன நம்பித்தானே.”

“வித்துட்டு எனக்கு எழுதினீங்கக்கா. எழுதிட்டு விக்கலையே.”

“நீ வேணாம்னு ஒரு வார்த்த எழுதினியா?”

மடியில் பிள்ளை விசும்பிக்கொண்டிருந்தது. ஆசாரி, தலையை ஆட்டாமல் பிடிங்க என்றார். பிடித்தான்.

விருந்து நடந்தது. சோறு தீயவில்லை, குழம்பும் நன்றாகவே இருந்தது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். திரும்பும் பஸ்ஸில் அக்கா ஒரு சீட், தம்பி ஒரு சீட். பாப்பாயி மாமன் மடியிலேயே தூங்கிப் போனாள். அவன் கால் மரத்துப் போனது, எழுப்பவில்லை. பெரம்பலூர் தாண்டியதும் தங்கசாமி இடத்தை மாற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வைவதற்குத்தான் வருகிறார் என்று உத்திராபதி நினைத்தான்.

“அப்ப ஒன் எடம் அங்க காலியாத்தானே கெடக்கும் மாப்ள?”

உத்திராபதி அவரையே பார்த்தான். பிறகு பூலாம்பாடி வருகிற வரைக்கும், நாலு வருஷமாக எழுதாததை எல்லாம் சொன்னான். ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுக்கிறதைச் சொன்னான். பைப்பிலிருந்து முதலில் வருகிற தண்ணீர் கையைச் சுட்டுவிடும் என்றான். பெருநாள் அன்றைக்கு ஊரே கொண்டாட, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்ததைச் சொன்னான். அந்த ஊருக்கு நாம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது மாமா என்றான். தங்கசாமி பொறுமையாகக் கேட்டார். நம்ம காட்டில் பார்க்காத வெயிலா என்றார். பைப் பிடிக்க இங்கிலீஷ் தெரிய வேண்டுமா என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் தங்கசாமி மஸ்கட் போனார். வழியனுப்ப அரியலூர் ஸ்டேஷனுக்குத் தெருவே போனது. காட்டைப் பெரியசாமியிடமிருந்து மீட்டு உத்திராபதி பருத்தி போட்டான். முதல் வருஷம் மழை ஏமாற்றியது. அதற்கும் இருசம்மாள் அவனைத்தான் வைதாள். ஆனால் அதுவரை நின்றுபோயிருந்த அக்கா தம்பி பேச்சு அதோடு திரும்ப வந்துவிட்டது.

ஜானகியை நெய்வேலியில் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸில் இரண்டு ரூம், குழாயில் எப்போதும் தண்ணீர் என்று கேள்வி.

உத்திராபதிக்குப் பெண் கொடுக்க ரொம்ப நாள் யாரும் வரவில்லை. மஸ்கட்டில் ஏதோ செய்துவிட்டு ஓடிவந்தவன் என்று தெருவில் ஒரு பேச்சு. அதைக் கிளப்பியது யார் என்று இப்போது கேட்டால் எல்லாரும் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள். கடைசியில் பாடாலூரில் ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த சிங்காரவேலு, மகள் காத்தாயியைக் கொடுத்தார். அவருடைய மூத்த பையன் மலேசியாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவன். அவர் மாப்பிள்ளையிடம் கேட்டது ஒரே கேள்வி, மறுபடியும் போவீங்களா என்று. போக மாட்டேன் என்றான். கல்யாணம் தை மாதத்தில் நடந்தது.

பூலாம்பாடியில் குடித்தனம் வைத்துப் பார்த்தார்கள். தினமும் யாராவது வாசலில் நின்று, எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், பருத்தி எடுத்து முடிந்ததும் அவனும் காத்தாயியும் பாடாலூருக்கே குடிபோய்விட்டார்கள்.